கேபிளுக்கு ஓர் ஆட்சேபம் தேவை

"எதிர்ப்பு இல்லேன்னா அனுமதியும் இல்ல. புரியுதா?" என்றார் மேலாளர்.

மண்புழுவுக்குப் புரியவில்லை. அனுமதி கிடைக்காமல் போவதற்கு எதிர்ப்புதான் காரணம் என்று அதுநாள்வரை நம்பிக்கொண்டிருந்த அப்பாவி அவன்.

மண்புழு என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். ஒரு தெரு நெடுகப் பள்ளம் தோண்டி மின் கேபிள் புதைக்கும் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதச் சொன்னார்கள். அவன் தலையணை கனத்துக்கு எழுதினான். அதில் பள்ளம் தோண்டினால் மண்புழுக்கள் என்ன பாடுபடும் என்று இரண்டு பக்கம் உருகியிருந்தான். மற்ற பக்கங்களை யாரும் புரட்டவில்லை. அந்த இரண்டை மட்டும் வாசலில் நிற்கும் காவலாளி வரை படித்துவிட்டார்கள்.

"சார், யாரும் எதிர்க்கலேன்னா நமக்கு நல்லதுதானே?"

"என்னய்யா நல்லது? போன தடவை துணை மின் நிலையத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வெச்சோம். ஒரு ஈ காக்கா வரல. ஆட்சேபம் எதுவும் இல்லைன்னு பெருமையா எழுதி அனுப்பினோம். அனுமதிக் குழுத் தலைவி இருக்காங்களே, அந்த மேடம், 'நீங்க மக்களைக் கேக்கவே இல்ல, கேட்ட மாதிரி எழுதியிருக்கீங்க'ன்னு ஃபைலை மூஞ்சியில அடிச்ச மாதிரி திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த மின் நிலையம் இன்னைக்கும் பேப்பர்லதான் இருக்கு."

"இப்ப நான் என்ன சார் பண்ணணும்?"

மேலாளர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நாளைக்குக் கூட்டத்துல யாராவது ஒருத்தர் எழுந்து ஒரு ஆட்சேபம் சொல்லணும். சின்னதா, அடக்கமா. நீ பதில் சொல்லணும். மேடம் தலையாட்டிக் கையெழுத்துப் போடணும். ஆள் யாருன்னு எனக்குத் தெரியவே கூடாது. நான் சொன்னேன்னும் வெளியில வரக் கூடாது."

"ஆளுக்கு எங்க சார் போவேன்?"

"அது உன் பாடு. இந்தத் தடவையும் ஃபைல் திரும்பி வந்துச்சுன்னா, மலை மேல காற்றாலைக்கு ஒரு ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. உன்னைத்தான் அனுப்புவேன். அங்க மண்புழு நிறைய இருக்கும், போய்ப் பார்த்துக்க."

காற்றாலையில் தனியாள் தங்குவதற்குத்தான் இடம் உண்டு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் ஓர் ஊர், மனைவி ஓர் ஊர் என்று போனிலேயே குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். இங்கே வேலை கிடைத்த பிறகுதான் ஒரே கூரையின் கீழ் நேருக்கு நேர் சண்டை போடும் பாக்கியம் வாய்த்தது. அதை இழக்க அவனுக்குக் கொஞ்சமும் மனமில்லை.

சண்டை என்றதும்தான் அவனுக்கு யோசனை உதித்தது. ஆட்சேபத்துக்கு ஆள் தேடி ஊரெல்லாம் அலைவானேன்? வீட்டிலேயே முதல் தரமான ஆள் இருக்கும்போது?

"நானா?" என்றாள் மனைவி, மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு. "நான் எதுக்குங்க எதிர்க்கணும்? மண்ணுக்குள்ள கேபிள் போனா நல்லதுதானே?"

"நல்லதுதான். அது நல்லதுன்னு அவங்க ஒத்துக்கணும்னா நீ கெட்டதுன்னு சொல்லணும்."

"உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் மண்டை சரியாத்தானே இருக்கு?"

"ஒரே ஒரு கேள்வி. பள்ளம் தோண்டினா காயப் போட்ட துணியில தூசு விழுமேன்னு கேளு. தண்ணி தெளிப்போம்னு நான் சொல்வேன். நன்றின்னு சொல்லிட்டு உக்காந்துடு. என்னை யாருன்னே தெரியாத மாதிரி இருக்கணும். என் ஆபீஸ்ல உன்னை யாரும் பார்த்ததில்ல, அதனால பயமில்ல. நாம அந்தத் தெரு இல்லேன்னு காட்டிக்காத. எந்த வீடுன்னு கேட்டா, கடைசி வீடுன்னு சொல்லிடு."

அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்தபோதே அவன் சுதாரித்திருக்க வேண்டும்.

சமையலறையிலேயே ஒத்திகை நடந்தது. அவள் கேட்டாள். அவன் பதில் சொன்னான். அவள் உட்காரவில்லை.

"உக்காரு."

"பதில் சரியில்லையே. தண்ணி எத்தனை தடவை தெளிப்பீங்க?"

"அதெல்லாம் கேக்காத. நன்றின்னு சொல்லு."

"சரி சரி. நாளைக்குச் சொல்றேன்" என்றாள், வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மறுநாள் காலை தெருக்கோடியில் இருந்த பொதுக்கூடத்தின் பின்வாசல் வழியாக மண்புழு வரைபடச் சுருள்களோடு உள்ளே நுழைந்தான். நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பத்துப் பேர் வந்தாலே அதிகம் என்று நினைத்திருந்த கூடம் நிரம்பி வழிந்தது. நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள். ஜன்னல் கம்பிகளுக்கு வெளியேகூடத் தலைகள் தெரிந்தன.

"பார்த்தியா கூட்டத்தை!" என்றார் மேலாளர். அவர் முகத்தில் மாப்பிள்ளை களை. "நோட்டீஸ் அவ்வளவு நல்லா அடிச்சிருக்கோம்!"

மேடையில் மேலாளரோடு கேபிள் இன்ஜினீயரும் பள்ளம் தோண்டும் கான்ட்ராக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் கூட்டத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து சத்தம் வருகிறது, மைக்குக்கு இடைஞ்சல் என்று மேலாளர் முன்கதவைச் சாத்தச் சொன்னார். பதில் சொல்வதற்காக மண்புழு சட்டையில் மைக்கை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றான். நடுவில் குழுத் தலைவி பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். சிரிப்பை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்த முகம்.

"முதல்லயே சொல்லிடறேன். இங்க அதிகாரிங்க குடுக்கிற ஒவ்வொரு வாக்குறுதியையும் நிபந்தனையா எழுதிக்குவேன். நிறைவேத்தித்தான் ஆகணும். யாருக்கு என்ன ஆட்சேபம்?"

மூன்றாவது வரிசையில் மனைவி எழுந்தாள். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"எந்த வீடும்மா?"

"கடைசி வீடு மேடம். பள்ளம் தோண்டினா காயப் போட்ட துணியில தூசு விழுமே, அதுக்கு இந்த சார் என்ன பண்ணப் போறார்?"

அவள் தன்னை 'சார்' என்றது மண்புழுவுக்குக் காதில் தேன் பாய்ந்தது போலிருந்தது. கணீரென்று சொன்னான். "தினமும் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கப்படும்."

நன்றி சொல்லி உட்கார வேண்டிய இடம் அது.

"தினமும்னா நிஜமாவே தினமுமா சார்? இல்ல, சில வீட்ல குழாய் ஒழுகும், நாளைக்கு சரி பண்றேன் நாளைக்கு சரி பண்றேன்னு ஆம்பளைங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்களே, அந்த மாதிரி தினமுமா?"

கூடம் கொல்லென்று சிரித்துக் கைதட்டியது. பெண்கள் பக்கம் விசில்கூடப் பறந்தது. மனைவி திரும்பிப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் அதுவரை யாரும் அவளுக்குக் கைதட்டியதில்லை. போச்சு என்று நினைத்தான் மண்புழு.

"தினமும்தாங்க" என்றான் பலவீனமாக. தலைவி எழுதிக்கொண்டார்.

பின்வரிசையில் பீப்பாய் மாதிரி ஒருவன் எழுந்தான். "தண்ணி தெளிச்சா சேறாகும். வண்டி வழுக்கிக் கை கால் உடைஞ்சா யாரு பொறுப்பு? நானும் கடைசி வீடுதான்."

தெருவுக்கு இரண்டு முனை உண்டு, அதனால் கடைசி வீடு இரண்டு இருப்பதில் தப்பில்லை என்று மண்புழு சமாதானம் செய்துகொண்டான். "சேறு ஆகிற இடத்துல பலகை போடுவோம்."

"பலகைக்கு எந்த மரத்தை வெட்டுவீங்க?" என்று எழுந்தாள் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். "கடைசி வீடு, மாடி."

மண்புழு நெற்றியைத் துடைத்தான். "பலகை வேண்டாம். இரும்புத் தகடு போடுவோம்."

"இரும்புத் தகடு மேல வண்டி ஏறினா டமால் டமால்னு சத்தம் வரும்" என்றார் கழுத்தில் மப்ளர் சுற்றிய பெரியவர். "எனக்குத் தூக்கமே வராத வியாதி. கொஞ்சநஞ்சம் வர்றதும் போயிடும்."

"ராத்திரியில தகட்டை எடுத்துடுவோம். ராத்திரி வேலையும் கிடையாது."

"காலையில பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற நேரமாச்சே?" என்றாள் மனைவி. அவள் இன்னும் உட்காரவே இல்லை.

"காலையிலயும் கிடையாது."

"சாயங்காலம் திரும்பி வருவாங்களே?"

"சாயங்காலமும் கிடையாது!"

"மத்தியானம் கைக்குழந்தைங்க தூங்குமே?" என்றது வேறொரு குரல்.

"மத்தியானமும் கிடையாது. உச்சிவேளையில ஒரே ஒரு மணி நேரம் மட்டும் தோண்டுவோம்!"

கான்ட்ராக்டர் துள்ளி எழுந்தார். "யோவ், அது என் ஆளுங்க சாப்பிடற நேரம்யா!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தலைவியின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. மேலாளர் மாப்பிள்ளை களையை இழந்து, சாய்ந்த பந்தல் போல உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு ஆட்சேபங்கள் வரிசையில் நிற்கவில்லை, முண்டியடித்தன. மரத்தின் வேர் அறுபடுமே என்றார்கள். அந்த இடத்தில் இயந்திரம் இல்லாமல் கையால் தோண்டுவோம் என்றான். கையால் தோண்டினால் பள்ளம் நெடுநாள் திறந்தே கிடக்குமே, மழைத் தண்ணீர் தேங்கித் தவளை விழுமே என்றாள் கண்ணாடி அம்மாள்.

"தவளை ஏறி வர்றதுக்குச் சாய்வா ஒரு பலகை வெப்போம்."

"மறுபடியும் பலகையா?" என்று ஒரே நேரத்தில் பத்துப் பேர் கத்தினார்கள்.

மனைவியை நோக்கி, போதும் உட்கார் என்று கண்ணால் கெஞ்சினான். வீட்டில் அவன் அப்படிப் பார்த்தால் அவள் இரங்கிவிடுவாள். இங்கே பின்னால் ஒரு கூட்டமே நின்றுகொண்டு "விடாதீங்கக்கா, கேளுங்கக்கா!" என்கிறது. எப்படி இரங்குவாள்?

"மேடம், இந்த சாரோட அறிக்கையில மண்புழுவைப் பத்தி எத்தனை பக்கம் இருக்குன்னு கேளுங்க."

"ரெண்டு" என்றான் மண்புழு. குடும்ப ரகசியம் வெளியே வந்துவிட்ட அதிர்ச்சியில் அவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"தெருவுல குடியிருக்கிற மனுஷங்களைப் பத்தி?"

அவன் தரையைப் பார்த்தான். "அரைப் பக்கம்."

அவ்வளவுதான். கூடம் கொதித்துவிட்டது. "மனுஷன் கேவலமா?" "கேபிள் வேணாம்!" "வேணவே வேணாம்!" பீப்பாய்க்காரன் நாற்காலி மேல் ஏறி நின்றான். தூக்கம் வராத பெரியவர் மப்ளரைக் கழற்றிக் கொடி மாதிரி ஆட்டினார். ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்களும் கையை ஆட்டி ஏதோ கத்தினார்கள். நடுவில் மனைவி, கன்னமெல்லாம் சிவந்து, தேர்தலில் ஜெயித்தவள் போல் நின்றாள். அந்தக் கோலத்திலும் அவள் அழகாக இருப்பதாக மண்புழுவுக்குத் தோன்றியது. தோன்ற வேண்டிய நேரமா அது?

தலைவி பேனாவை மூடினார்.

"இவ்வளவு எதிர்ப்பு இருக்கிற திட்டத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? ஃபைலைத் திருப்பி அனுப்பறேன்."

மேலாளர் மண்புழுவின் காதருகே குனிந்தார். ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் மண்புழுவின் சட்டையில் மாட்டியிருந்த மைக்குக்கு அது தெரியாது.

"நாளைக்கே மலைக்கு மூட்டையைக் கட்டு. தனியாக் கிட."

ஒலிபெருக்கி அதைக் கூடம் முழுக்கச் சொன்னது. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, ஒருத்தியைத் தவிர. மனைவியின் முகத்திலிருந்த சிவப்பு சட்டென்று வடிந்தது. இரண்டு ஊர்களுக்கு நடுவே போனைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன்", "நீ சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்" என்று பேச்சு தீர்ந்துபோன ராத்திரிகள் அத்தனையும் அவள் கண்ணில் வந்து நின்றன.

"மேடம்! மேடம், எழுந்திரிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே அவள் மேடைக்கு ஓடினாள். "நான் இன்னும் முடிக்கல!"

"இன்னும் ஆட்சேபமா?" என்றார் தலைவி அயர்ந்துபோய்.

"இல்ல மேடம். அதுக்கு நானே பதில் சொல்றேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "துணியில தூசு விழுந்தா மறுபடி துவைச்சுக்கலாம். தலைக்கு மேல தொங்கற கம்பி அறுந்து விழுந்தா என்ன பண்றது? காத்து கொஞ்சம் வேகமா அடிச்சாலே கரண்ட் போயிடுது. மழை பெஞ்சா பிள்ளைங்களை வெளியில விடவே பயமா இருக்கு. அந்தக் கம்பி மண்ணுக்குள்ள போனா எல்லாருக்கும் நிம்மதிதானே? கொஞ்ச நாள் சேறு, கொஞ்ச நாள் சத்தம். பொறுத்துக்க மாட்டோமா?"

"நீங்கதானேம்மா மண்புழுவுக்கு ரெண்டு பக்கம்னு கேட்டீங்க?"

"கேட்டேன். யோசிக்காம கேட்டுட்டேன். மண்புழுவுக்கு வாய் இருக்கா மேடம்? கூட்டம் போட்டா வந்து கேக்குமா? அதுக்காகப் பேச யாரும் இல்லேன்னுதான் இந்த மனுஷன் ரெண்டு பக்கம் எழுதியிருக்கார். நமக்குத்தான் வாய் இருக்கே, நமக்கு அரைப் பக்கம் போதும். வாயில்லாத ஜீவனுக்கே இவ்வளவு பார்க்கறவர், நம்மளை விட்டுடுவாரா?"

மண்புழுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இரண்டு பக்கத்தை அலுவலகமே படித்துச் சிரித்திருக்கிறது. புரிந்துகொண்டு படித்தவள் அவள் ஒருத்திதான்.

மேலாளர் காதைச் சொறிந்துகொண்டு கூட்டத்தைப் பார்த்தார். உடனே கண்ணாடி அம்மாள் எழுந்தாள்.

"இந்தப் பொண்ணு சொல்றது நியாயம். என் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். தவளைங்க பார்த்துக்கும்."

இன்ஜினீயர் இரண்டு முறை இருமினார். மப்ளர் பெரியவர் எழுந்து, "எனக்கு எப்படியும் தூக்கம் வராது, சத்தம் வந்தா என்ன வராட்டி என்ன?" என்றார். கான்ட்ராக்டர் உள்ளங்கையைக் கீழே அமுக்குவது போல் ஏதோ சைகை செய்தார். பீப்பாய்க்காரன் நாற்காலியிலிருந்து இறங்கினான். அவனோடு அந்த வரிசையே, "எங்களுக்கும் ஆட்சேபம் இல்லீங்க!" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் கொதித்த கூடமா இது என்று மண்புழு மலைத்துப்போனான். நியாயமாகப் பேசினால் மக்கள் எவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்!

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பூட்டி வைத்திருந்த சிரிப்பு எப்படியோ பூட்டை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது.

"எத்தனையோ கூட்டம் நடத்தியிருக்கேன். இப்படி ஒரு தெருவைப் பார்த்ததில்ல. வீட்டுக்கு வீடு ஆட்சேபம் இருக்கு, ஆனா ஊருக்கு நல்லதுன்னு தெரிஞ்சதும் தானா விட்டுக்குடுக்கறாங்க. வேலை நேரத்தை மட்டும் நானே ஒழுங்கா மாத்தி எழுதிடறேன். கேபிளுக்கு அனுமதி குடுத்தாச்சு!"

அவர் கையெழுத்துப் போட்டார். மேலாளர் மண்புழுவைக் கட்டிக்கொண்டார். கான்ட்ராக்டர் இன்ஜினீயரைக் கட்டிக்கொண்டார். மனைவி மண்புழுவைக் கட்டிக்கொள்ள இரண்டடி எடுத்து வைத்து, யாரென்றே தெரியாதவர் என்பது நினைவுக்கு வந்து கும்பிடு போட்டு நின்றாள். அவனும் பதிலுக்குக் கும்பிட்டான். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கைதட்டல் ஓய்வதாக இல்லை.

அந்தச் சந்தடியில் யாரோ முன்கதவைப் படபடவென்று தட்டினார்கள். காவலாளி திறந்துவிட்டதும், கூடத்துக்கு எதிர்வீட்டில் குடியிருந்து அதன் சாவியை வைத்திருக்கும் அம்மாள் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தாள். கூடத்தை ஒரு முறை முழுக்கப் பார்த்தாள். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு நேராக மேடைக்கு வந்து தலைவியிடம் கேட்டாள்:

"ஏம்மா, உள்ள நிக்கக்கூட இடமில்லேன்னு எங்க தெருக்காரங்க அத்தனை பேரும் காலையிலேர்ந்து வெளியில வெயில்ல நிக்கிறோம், இவங்கல்லாம் யாரு?"